கத்தரி எட்டாத இடம்: பிலிப்பைன்ஸின் பாலியல் சினிமா, புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்கு

பிலிப்பைன்ஸ் சினிமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஓ.டி.டி. போஸ்டர்களை மட்டும் பார்த்துவிட்டு, "அவங்க எடுக்கிறதே இந்த மாதிரிப் படம்தான்" என்று முடித்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். திரைப்பட விழாவில் நாலு படம் பார்த்துவிட்டு, அங்கே திரையில் சட்டையைக் கழற்றினாலே அது சர்வாதிகாரத்துக்கு எதிரான கலகம் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் மறுபக்கம். இரண்டையும் பாதி உண்மை என்றுகூடச் சொல்ல மாட்டேன், கால் உண்மை.

அந்தப் படங்களை எடுத்தவர்களில் பெரிய கலைஞர்கள் உண்டு. போட்ட பணத்தை ஒரே வாரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று வந்தவர்களும் உண்டு. சில சமயம் இருவரும் ஒரே ஆள்தான். இவை ஏன் திடீரென்று அலையாகக் கிளம்பின, ஏன் திடீரென்று நின்றன என்பதற்கு மக்களின் ரசனையில் பதில் தேடினால் கிடைக்காது. தணிக்கைக் கத்தரி யார் கையில் இருந்தது, அது எட்டாத இடம் எது என்று கேட்டால்தான் கிடைக்கும்.

பிட்டு ஓட்டிய கதை நமக்குத் தெரியும்

நம் ஊர் தியேட்டர்களின் காலைக் காட்சிகளில் "பிட்டுப் படம்" ஓடிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சென்சார் சான்றிதழ் வாங்கிய பிரிண்ட் ஒன்று இருக்கும். ஆபரேட்டர் ரூமில் தனியாக ஒரு சின்ன ரீலும் இருக்கும். நடுவில் அதை ஓட்டுவார்கள். சோதனைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் அது மறைந்துவிடும். காகிதத்தில் படம் சுத்தம், திரையில் வேறு.

பிலிப்பைன்ஸிலும் இதே வேலை நடந்தது. அங்கே இந்தச் செருகலுக்கு "சிங்கிட்" என்று பெயர். சட்டம் அனுமதித்ததற்கும் திரையில் ஓடியதற்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் பிறந்ததுதான் அந்நாட்டின் பாலியல் சினிமா. காலம் மாறமாற சந்து வேறு வேறு இடத்தில் திறந்தது. அதைத் திறந்தவர்களும் மாறினார்கள். ஒரு கட்டத்தில் அரசாங்கமே திறந்துவிட்டது.

முத்தத்திலிருந்து பொம்பா வரை

பிலிப்பினோக்கள் எடுத்த முதல் முழுநீளப் படம் 1919இல் வந்தது. இயக்கியவர் ஹோசே நெபோமுசேனோ. அவரே 1926இல் எடுத்த ‘தத்லோங் ஹம்போக்’ படத்தில்தான் அந்நாட்டுத் திரையின் முதல் முத்தக் காட்சி. அமெரிக்கர் ஆட்சியிலேயே, 1929இல், தணிக்கைக்கென ஒரு வாரியம் சட்டப்படி வந்துவிட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரிய சலசலப்பு இல்லை. எல்.வி.என்., சம்பகீத்தா, பிரீமியர் போன்ற ஸ்டூடியோக்கள் நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. கதாநாயகி கோயில் சிலை மாதிரி இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி.

அறுபதுகளில் அந்த ஏற்பாடு உடைந்தது. எல்.வி.என். 1961இலேயே படத் தயாரிப்பை நிறுத்தியது, மற்றவையும் தளர்ந்தன. அந்த இடத்துக்கு வந்தவர்கள் சிறு தயாரிப்பாளர்கள். அவர்களிடம் ஸ்டூடியோவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. குறைந்த முதலில் கூட்டத்தை இழுக்க ஒரு வழி தேவைப்பட்டது.

1970இல் ‘உஹாவ்’ வந்தது. ரூபன் அபலோஸ் இயக்கம். நாயகி மெர்லே பெர்னாண்டஸ். இந்த வகையைத் தொடங்கிவைத்த படமாக இதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். வசூல் அள்ளியது, பின்னாலேயே படங்கள் வரிசை கட்டின. இவற்றுக்கு "பொம்பா" படங்கள் என்று பெயர் நிலைத்தது: உடலைக் காட்டுவதையே விற்பனைச் சரக்காக வைத்த, சிறு பட்ஜெட் படம். எதிரியின் ஊழலை மேடையில் போட்டு உடைக்கும் அரசியல்வாதியின் பேச்சுக்கும் அப்போது அதே பெயர்தான்.

அது மணிலா தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 1970இன் முதல் மூன்று மாதங்களில் மாணவர்கள் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் அரசுக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள். இளைஞர்களைத் திசைதிருப்ப அரசுதான் பொம்பாவை விட்டுவைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தயக்கம்தான். சான்றிதழுக்கு ஒரு பிரிண்ட், தியேட்டருக்கு ஒரு செருகல் என்று வைத்துக்கொள்ளத் தெரிந்த விநியோகஸ்தரும் தியேட்டர்காரரும் இருந்தால் போதும். சதி எதுவும் தேவையில்லை.

இதுவரை பார்த்தது: ஸ்டூடியோக்கள் சரிந்தன, சிறு தயாரிப்பாளர் வந்தார், தணிக்கை வாரியம் ஆபரேட்டர் ரூமுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

நனைந்த துணி

1972 செப்டம்பரில் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். பொம்பா ஒரே அடியில் நின்றது. இனி படம் எடுக்கும் முன்பே திரைக்கதையைக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆட்சியை விமர்சிப்பதும் ஆபாசமும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. இது முக்கியம், பின்னால் திரும்ப வரும்.

இரண்டு ஆண்டுகளில் செல்சோ ஆட் காஸ்டில்லோ என்ற இயக்குநர் புதுச் சந்து கண்டுபிடித்தார். 1974இல் அவர் எடுத்த படத்தின் நாயகி குளோரியா டியாஸ். 1969இல் பிலிப்பைன்ஸுக்கு முதல் மிஸ் யுனிவர்ஸ் பட்டம் வாங்கித் தந்தவர். விதி நிர்வாணத்தைத் தடுத்தது. நனைந்த மெல்லிய உடையைத் தடுக்கவில்லை. கடலிலிருந்து எழுந்து வரும் நாயகியின் மேல் துணி இருந்தது, துணி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். உடனே "வெட் லுக்" ஒரு தனி ரகம் ஆகிவிட்டது. மழை, ஆறு, அருவி, கிணற்றடி என்று நாயகிகள் நனைந்துகொண்டே இருந்தார்கள். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தியை விளக்கத் தேவையில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில் இவை "போல்ட்" படங்கள் என்று அழைக்கப்பட்டன. பொம்பாவுக்கும் இதற்கும் வித்தியாசம், இதில் முறையான கதையும் தெரிந்த நடிகர்களும் இருந்ததுதான். திரைக்கதையைப் படித்துப் பார்த்துதான் அனுமதி என்றால் படிக்கும்படி ஒன்றை எழுதித்தானே ஆக வேண்டும்? தணிக்கை செய்யாமல் செய்த நன்மை என்று இதைச் சிலர் சொல்வார்கள். நன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் விளைவு அதுதான்.

1977இல் அதே காஸ்டில்லோ ‘பர்லெஸ்க் குயின்’ எடுத்தார். குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகி, வீட்டுப் பெண் வேடங்களிலேயே பழக்கப்பட்ட வில்மா சாண்டோஸ், நடக்க முடியாத தந்தையைக் காப்பாற்ற மேடையில் ஆடப்போகும் பெண்ணாக நடித்தார். கடைசி ஆட்டம் நீண்டுகொண்டே போகும், கூட்டம் கத்தும். பார்க்க வந்தவனுக்கே பார்ப்பது கூசும்படி எடுத்திருப்பார். அந்த ஆண்டு மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் பெரும்பாலான விருதுகளை அந்தப் படம் அள்ளியது, பெரிய சர்ச்சையும் ஆனது. வில்மா பிற்பாடு பதாங்காஸ் மாகாண ஆளுநர் ஆனார். அங்கே மாகாண ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி. சினிமாவிலிருந்து கோட்டைக்குப் போகும் பாதையை நமக்கா சொல்லித்தர வேண்டும்?

கத்தரி உடலை மட்டும் குறிவைக்கவில்லை என்பதை 1980இல் இஷ்மாயல் பெர்னாலின் ‘மணிலா பை நைட்’ காட்டியது. போதை, விபசாரம், ஓரினக் காதல் எல்லாம் கலந்த இரவு நகரம் அது. தலைநகரின் பெயர் கெடுகிறது என்று மேலிடத்துக்குக் கோபம். அப்போது மணிலா பெருநகரத்தின் ஆளுநர் அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸ். தலைப்பிலிருந்து "மணிலா" போய் ‘சிட்டி ஆஃப்டர் டார்க்’ ஆனது. வசனத்தில் ஊர்ப்பெயர் வந்த இடங்களிலும் ஒலி வெட்டப்பட்டது. பெர்லின் விழாவுக்குப் போகவும் தடை.

அரசாங்கமே திறந்த கதவு

இந்த வரலாற்றில் எல்லோரும் குழம்பும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கேன்ஸ் போல மணிலாவிலும் ஒரு உலகத் திரைப்பட விழா வேண்டும் என்று இமெல்டா ஆசைப்பட்டார். கடலைத் தூர்த்த நிலத்தில், கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்களோடு மணிலா ஃபிலிம் சென்டர் எழுந்தது. 1982 ஜனவரியில் விழா. அதற்குள் முடிக்க இரவு பகலாக வேலை. 1981 நவம்பர் 17 அதிகாலை சாரம் சரிந்து, ஈரக் கான்கிரீட்டுக்குள் தொழிலாளர்கள் விழுந்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை சண்டை உண்டு. விழா மட்டும் குறித்த தேதியில் நடந்தது.

1982இல் அரசு ‘எக்ஸ்பெரிமென்டல் சினிமா ஆஃப் தி பிலிப்பைன்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியது, சுருக்கமாக இ.சி.பி. தலைமை இயக்குநர் மார்கோஸின் மகள் ஐமீ. நல்ல படங்களுக்குப் பணம் தருவது அதன் வேலை. பெர்னாலின் ‘ஹிமாலா’, பெக்கே கல்லாகாவின் ‘ஓரோ, ப்ளாத்தா, மாத்தா’ இரண்டும் இதன் தயாரிப்புகள். கூடவே ஒரு சலுகை: ஃபிலிம் சென்டருக்குள் காட்டும் படத்துக்குத் தணிக்கை கிடையாது. கலைப்படங்களுக்காக வைத்த விலக்கு அது.

பிறகு பணம் வற்றியது. இரண்டாவது விழாவுக்கு, 1983இல், அரசு மானியம் கைகொடுக்காதபோது நகரத் தியேட்டர்களில் வெட்டாத படங்களை ஓட்டி நிதி திரட்டினார்கள். தியேட்டர் வாசலில் வரிசை நீண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அகினோ விமான நிலையத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். முதலீடு வெளியேறியது, நாட்டு நாணயமான பெசோ விழுந்தது, அக்டோபரில் வெளிநாட்டுக் கடன் தவணையைக் கட்ட முடியாமல் அரசு கையை விரித்தது. ஆக, விலக்கு பெற்ற ஒரு மண்டபம் கையில் இருக்கிறது, கல்லாவில் காசு இல்லை. என்ன ஓட்டியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இப்படித்தான் "பெனே" படங்களின் காலம் வந்தது: நடிப்பு அல்ல, நிஜமான உடலுறவே இருக்கிறது என்ற பேச்சைக் கிளப்பி விற்கப்பட்ட படங்கள். பெரும்பாலானவை மறக்கத் தகுந்தவை. ஆனால் அதே மண்டபத்தில், அதே விலக்கின் கீழ், சில அசாத்தியமான படங்களும் ஓடின. டிக்கோய் அகிலூஸின் ‘போட்மேன்’ (1984) பக்சான்ஹான் அருவியில் சுற்றுலாப் பயணிகளுக்குத் தோணி தள்ளும் இளைஞன் ஒருவனின் கதை. சினிமா ஆசையில் மணிலாவுக்கு வருகிறவன், வெளிநாட்டவர் முன் உடலுறவை நிகழ்ச்சியாக நடத்திக்காட்டும் தொழிலில் போய் முடிகிறான்.

1985இல் கல்லாகாவின் ‘ஸ்கார்ப்பியோ நைட்ஸ்’. மணிலாவின் நெரிசலான பழைய மரவீடு. மாடியில் குடியிருக்கும் கல்லூரி மாணவன் தரைப்பலகையின் ஓட்டை வழியாகக் கீழ் வீட்டைப் பார்க்கிறான். கீழே ஒரு செக்யூரிட்டி கார்டும் அவர் மனைவியும். கார்டு வேலை முடிந்து வருவார், சாப்பிடுவார், பேச்சில்லாமல் மனைவியின் பக்கத்தில் படுப்பார். எல்லா நாளும் ஒரே வரிசை. அந்த வரிசையை மனப்பாடம் செய்த மாணவன் ஒரு நாள் கீழே இறங்குகிறான். கார்டின் இடுப்பில் துப்பாக்கி உண்டு என்பதைப் படம் மறக்கவிடாது. கடைசியில் மூவரும் பிணம். ஊரையே பயத்தில் வைத்திருந்த ஆட்சியின் கடைசி நாட்களில் வந்த படம் என்பதால் அந்தத் துப்பாக்கிக்கு விமர்சகர்கள் வேறு அர்த்தமும் பார்த்தார்கள். எனக்கும் அது வலிந்து சொன்னதாகத் தோன்றவில்லை. மாணவனாக நடித்த டேனியல் பெர்னாண்டோவும் பின்னாளில் புலகான் மாகாண ஆளுநர் ஆனார், வில்மாவுக்குத் துணை.

அப்படியானால் மார்கோஸ் அரசு தாராளமாக இருந்ததா? அதே காலத்தில் லினோ ப்ரோக்கா எடுத்த ‘பயன் கோ’ கேன்ஸ் போட்டிப் பிரிவுக்குப் போன படம். சம்பளம் போதாத அச்சகத் தொழிலாளி ஒருவனின் கதை. அதைத் தணிக்கை வாரியம் முதலில் வெட்டச் சொன்னது, பிறகு ‘பெரியவர்களுக்கு மட்டும்’ முத்திரை குத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985 ஜூலையில் தீர்ப்பு: வாரியத்தின் அதிகாரம் படங்களை வகைப்படுத்துவதுதான், அதற்கு மேல் தலையிட வேண்டுமானால் பொது நலனுக்குத் தெளிவான, உடனடியான ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும். அரசின் மண்டபத்தில் உடல் வெட்டில்லாமல் ஓடியது, தொழிலாளியின் கதைக்கு வெட்டு கேட்டார்கள்.

சுருக்கமாக: பாலியல் படங்கள் மார்கோஸை எதிர்த்துத்தான் வந்தன என்பதும் தவறு, மார்கோஸ் மக்களை மயக்கவே திட்டமிட்டு எடுக்கவைத்தார் என்பதும் தவறு. கலைக்காக வைத்த விலக்கைப் பணத்தட்டுப்பாடு வாடகைக்கு விட்டது.

விலை கொடுத்தவர்கள்

இயக்குநர் பெயரைச் சொல்லிச் சிலாகிக்கும் கட்டுரைகளில் விட்டுப்போகும் ஒன்று உண்டு. எண்பதுகளில் ஒரு மேனேஜர் தன்னிடம் இருந்த இளம் நடிகைகளுக்குக் குளிர்பான பிராண்டுகளின் பெயரையே திரைப்பெயராக வைத்து அறிமுகப்படுத்தினார். பத்திரிகைகள் அவர்களை "சாஃப்ட் டிரிங்க் பியூட்டிஸ்" என்று எழுதின. பாட்டிலின் பெயரை மனுஷிக்கு வைத்ததிலேயே அந்தத் தொழில் அவர்களை எப்படிப் பார்த்தது என்பது தெரிந்துவிடும். அலை ஓய்ந்ததும் இயக்குநர்கள் அடுத்த படத்துக்குப் போனார்கள். நடிகைகளில் பலருக்கு அடுத்த படம் இல்லை.

ஆர்-18 வேறு, எக்ஸ் வேறு

1985 அக்டோபரில் மார்கோஸ் ஆணையால் இன்றைய தணிக்கை அமைப்பு வந்தது: எம்.டி.ஆர்.சி.பி., அதாவது திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் பார்வையிட்டு வகைப்படுத்தும் வாரியம். இதன் சான்றிதழ்களில் ஒன்றைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஆர்-18" என்றால் 18 வயது ஆனவர்கள் பார்க்கலாம். "எக்ஸ்" என்றால் பொது இடத்தில் யாருக்குமே காட்டக் கூடாது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் எக்ஸ் என்பது ஒரு ரகம். பிலிப்பைன்ஸில் அது தடை. ஆகவே, "அது பிலிப்பைன்ஸ் தியேட்டரில் ஓடிய எக்ஸ் படம்" என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியமே பிழை.

1986 பிப்ரவரிப் புரட்சியில் மார்கோஸ் போனார். சுதந்திரம் வந்ததும் திரையும் திறந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக நடந்தது. புரட்சியில் கத்தோலிக்கத் திருச்சபைக்குப் பெரும் பங்கு இருந்தது. புதிய அரசில் வாரியத்தின் தலைவரான மனுவெல் மொராட்டோ கண்டிப்புக்குப் பேர்போனவர். 1994இல், அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்தில், ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்திலேயே உடல் தெரியும் சில இடங்களை வெட்டச் சொன்னார்கள். வெட்டுவதாக இருந்தால் படமே வராது என்றார் ஸ்பீல்பெர்க். அதிபர் ராமோஸ் தலையிட்ட பிறகு வெட்டில்லாமல் ஓடியது.

ஏழு நாள் படங்களும் காய்கறிப் பெயர்களும்

தொண்ணூறுகளில் அலை திரும்பவும் எழுந்தது. செய்கோ ஃபிலிம்ஸ் இதில் முன்னணி. பெரிய நட்சத்திரம் ரோசன்னா ரோசஸ். பத்திரிகைகள் இவற்றை "எஸ்.டி." படங்கள் என்றன, "செக்ஸ் ட்ரிப்" என்பதன் சுருக்கம். தலைப்புகள் தனி வேடிக்கை: ஒன்று அன்னாசி, ஒன்று கத்தரிக்காய், ஒன்று கங்குன் கீரை, ஒன்று முட்டை. சந்தைக்குப் போன பட்டியல் மாதிரி இருக்கும். எதைக் குறிக்கிறது என்பது ஊருக்கே தெரியும், வாரியத்தால் மட்டும் கத்தரிக்காயைத் தடைசெய்ய முடியாது.

1997 ஆசியப் பொருளாதார நெருக்கடி தயாரிப்பாளர்களை நெருக்கியபோது ரீகல் நிறுவனம் "பித்தோ-பித்தோ" (‘ஏழு-ஏழு’) முறையைக் கொண்டுவந்தது: ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் எடுத்து முடிக்கும் சொற்பச் செலவுப் படம். கொஞ்சம் சதை இருந்தால் போதும், மீதியை இயக்குநர் விருப்பம்போல் செய்துகொள்ளலாம் என்பது நடைமுறை. இன்று மணிக்கணக்கில் நீளும் படங்களுக்காக உலகம் கொண்டாடும் லாவ் டியாஸ் 1998இல் முதல் படம் எடுத்தது இந்தத் தொழிற்சாலையில்தான். ஜெஃப்ரி ஜெதூரியனின் ‘பீலா பால்டே’ (1999) குழாயடியில் வாளி வரிசையில் நிற்கும் ஏழைகளையும், எதிரில் இருக்கும் பணக்காரக் குடியிருப்பையும் காட்டியது. கவர்ச்சிப் படம் என்று டிக்கெட் வாங்கியவர்கள் வர்க்கம் பற்றிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

1998இல் நடிகர் ஜோசப் எஸ்த்ராடா அதிபரானார். வாரியத்தின் தலைமைக்கு வந்த நடிகை அர்மீதா சிகியோன்-ரெய்னா, வெட்டுவதை விட வகைப்படுத்துவதே வேலை என்று நினைத்தவர். சுமார் இரண்டரை ஆண்டுகள் கதவு திறந்திருந்தது. 2001 ஜனவரியில் எஸ்த்ராடா பதவி இழந்தார். அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் ஹைமே சின் நின்றார். மார்ச்சில் ஹோசே ஹாவியர் ரேயெஸின் ‘லைவ் ஷோ’ திரைக்கு வந்தது. உடலுறவை நிகழ்ச்சியாக நடத்திப் பிழைப்பவர்களின் வறுமையைச் சொன்ன படம், கிளர்ச்சியைவிடச் சோர்வையே தருவது. கர்தினால் எதிர்ப்புத் தெரிவித்தார், புதிய அதிபர் அரோயோ படத்தை நிறுத்தினார். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த வாரியத் தலைவர் நிக்கானோர் தியோங்சன், கலாசார ஆய்வாளர், ராஜினாமா செய்தார்.

மாலும் மொபைலும்

அடுத்த அடியை அரசோ திருச்சபையோ கொடுக்கவில்லை. நாட்டின் பெரிய மால் குழுமமான எஸ்.எம்., தன் தியேட்டர்களில் ஆர்-18 படங்களை ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தது. தனித் தியேட்டர்கள் மூடிக்கொண்டே வந்த நாட்டில் மால்காரர் மறுத்தால் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. திருட்டு டிவிடி மீதியைப் பார்த்துக்கொண்டது. விழாப் படங்கள் மட்டும் அந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டன: பிரிலாந்தே மெண்டோசாவின் ‘செர்பிஸ்’ (2008) ஆஞ்சலஸ் நகரில் பாழடைந்த ஒரு பாலியல் பட தியேட்டரில் குடியிருந்து அதை நடத்தும் குடும்பத்தின் கதை. ‘பயன் கோ’வுக்குப் பிறகு, 24 ஆண்டுகள் கழித்து, கேன்ஸ் போட்டிப் பிரிவுக்குப் போன பிலிப்பைன்ஸ் படம் அதுதான்.

2021 ஜனவரியில், கொரோனாவில் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தபோது, படத் தயாரிப்பு நிறுவனமான விவா, விவாமேக்ஸ் என்ற ஓ.டி.டி. செயலியைத் தொடங்கியது. பாலியல் படங்களே அதன் அடையாளம் ஆயின. இப்போது பெயர் வி.எம்.எக்ஸ். எம்.டி.ஆர்.சி.பி.யை உருவாக்கிய 1985 ஆணை சினிமா தியேட்டரையும் தொலைக்காட்சியையும் பற்றிப் பேசுகிறது. மொபைல் செயலி அன்று யார் கனவிலும் இல்லை. வாரியத்தின் கையை அதுவரை நீட்ட மசோதாக்கள் வந்தபடி இருக்கின்றன. இதற்கிடையில் ‘ஸ்கார்ப்பியோ நைட்ஸ்’ பெயரிலேயே 2022இல் மூன்றாவது படம் அந்தச் செயலியில் வெளியானது. முதல் படத்துக்கு விலக்கு பெற்ற ஒரு கட்டடம் தேவைப்பட்டது. மூன்றாவதற்கு மாதச் சந்தா போதுமானதாக இருந்தது.